சாக்கில் இருந்த எண்

ஜூன் 9, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் காகிதச் சாக்கைப் பிரித்தேன். சென்னையிலிருந்து வந்த பதினைந்து கிலோ குஞ்சுப் பவுடர். வெந்நீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, பறவைக் குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டும் பவுடர். சில்லறையாக வாங்கினால் பழையதைத் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று மூன்று வருடமாக எங்கள் குழுவுக்கு நான்தான் மொத்தமாக வரவழைக்கிறேன். 'நெல்லைக் கூண்டுப் பறவைகள்', முப்பத்து நான்கு பேர், வாட்ஸ்அப். தொடங்கியதும் விதிகளை எழுதியதும் நான். விதி மூன்று: ஆதாரம் இல்லாத செய்தியைப் பகிரக் கூடாது.

அரைக் கிலோ உறைகள் முப்பது. ஒவ்வொன்றிலும் என் கையால் எண் எழுதினேன். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுவதுபோலத்தான்: 24-2-17 என்றால் இந்த ஆண்டின் இரண்டாவது சாக்கு, பதினேழாம் உறுப்பினர். நிறுவனத்தின் அச்சைவிட என் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று ரெக்ஸ் சொன்னார். சந்திப்பிலிருக்கும் செல்போன் கடைக்காரர். எல்லாருக்கும் முன்னால் சொல்லக்கூடியவர்.

பதினேழாம் எண் முத்துவடிவு. பேட்டையில் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் அறை போட்டுக் காக்டெயில் கிளி வளர்க்கிறாள். குஞ்சை இருபது நாளில் எடுத்து, கையால் ஊட்டிப் பழக்கி விற்கிறாள். அவள் வீட்டில் அடுப்பெரிவது அதில்தான். இப்போது எட்டுக் குஞ்சுகள் ஊட்டலில் இருக்கின்றன, எட்டுக்கும் ஆள் சொல்லியாயிற்று, ஜூலையில் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடலாம் என்றாள். இரண்டு உறை எடுத்துக்கொண்டாள்.

வந்தவுடன் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கூண்டுத் தட்டைப் பார்ப்பாள். விரித்த தாளின் முனையைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, "எச்சம் நல்லாருக்கு மேடம்" என்று சொன்ன பிறகுதான் வணக்கம். பறவை வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஓரளவு இப்படித்தான். அவள் கொஞ்சம் அதிகம்.

என் காக்டெயில் ஆணுக்குத் தாசில்தார் என்று பெயர். அது நடக்கும் விதத்தால் வந்த பெயர். அதன் குஞ்சுகள் இரண்டு என் ஊட்டலில் இருக்கின்றன. சாக்கின் தாள் நல்ல கனம். தட்டுக்கு அளவாக வெட்டி விரித்தேன்.

ஜூன் 10, திங்கள்

கல்லூரி நூலகத்தில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு ஆரம்பம். வரலாற்று அடுக்கில் பூச்சி.

ஜூன் 12, புதன்

மதியம் முத்துவடிவு குழுவில் ஒரு படம் போட்டாள். கேரளத்துக் குழு ஒன்றிலிருந்து வந்ததாம். ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு, மங்கல். நம் பவுடரில் பூஞ்சை நச்சு இருப்பதால் L 418 முதல் L 421 வரையிலான எண்கள் கொண்ட சாக்குகளை நிறுவனம் திரும்பப் பெறுகிறது என்றது. கூடவே அவள் குரல்: "எல்லாரும் நிப்பாட்டிருங்க. என் மக வாசிச்சுச் சொன்னா. எனக்கு ரெண்டு குஞ்சுக்குத் தீனிப்பை இறங்கவே மாட்டேங்கு."

நான்கு நிமிடத்தில் நீக்கினேன். காரணத்தையும் எழுதினேன்: தேதி இல்லை, கையொப்பம் இல்லை, நிறுவனத்தின் இணையதளத்தில் இப்படி ஓர் அறிவிப்பு இல்லை. குஞ்சுக்குத் தீனி இறங்காமல் போகப் பத்துக் காரணம் உண்டு, தண்ணீர் ஆறியிருந்தாலே போதும். ஒரு மங்கலான படத்தை நம்பி முப்பது வீட்டில் பீதி கிளப்புவது எப்படிப்பட்ட செயல் என்றும் ஒரு பத்தி. போன வருடம் கல்லூரியில் பொய்ச் செய்தி பற்றி எடுத்த வகுப்பிலிருந்து இரண்டு வரி அப்படியே பயன்பட்டது.

இருபத்தொரு கட்டைவிரல். ரெக்ஸ் ஒரு குரல்பதிவு போட்டார்: "இங்கிலீஷ் நியூஸ் வாசிக்க நம்ம குரூப்புக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு. நாளைக்கு வானிலை அறிக்கை உண்டா யக்கா?"

இன்றைய தேதியில், கையில் இருந்த தகவலை வைத்து, நான் செய்தது சரி. இதை எழுதி வைப்பது நல்லது.

ஜூன் 13, வியாழன்

காலையில் குழுவில் அமளி. அவள் அந்த நான்கு எண்களை மட்டும் தட்டச்சு செய்து போட்டிருந்தாள். எல்லாரும் எழுந்துபோய்த் தங்கள் உறையைப் பார்த்திருக்கிறார்கள். என் எண்தான் இருந்தது. "என்னுது 24-2-9. எல் எல்லாம் ஒண்ணும் இல்ல." "என்னுதுலயும் இல்ல." "நம்ம பவுடர் வேற, தெய்வமே காப்பாத்துச்சு." வரிசையாகப் படம் எடுத்துப் போட்டார்கள், உறைக்கு உறை என் கையெழுத்து.

நிறுவனத்தின் எண் சாக்கில்தான் இருக்கும், உறையில் இருக்காது. இது ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்களும் இருக்கிறார்கள், ஒரு வங்கி மேலாளர்கூட. என்னிடம் நேராக யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

தாசில்தாரின் தட்டைச் சுத்தம் செய்தேன். தாளைத் திருப்பிப் போட்டேன், அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி. அந்தப் பக்கம் வழவழப்பு, பறவையின் கால் வழுக்குகிறது.

என் உறையில் பவுடர் லேசாகக் கட்டி பிடித்ததுபோல் இருந்தது. குஞ்சுகளுக்கு இன்றிலிருந்து ராகிக் கூழும் அவித்த முட்டையின் மஞ்சளும். ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

இரவு முத்துவடிவு தனியாக எழுதினாள். ஒரு குஞ்சு போய்விட்டது.

ஜூன் 14, வெள்ளி

சென்னை விநியோகஸ்தருக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை செய்யவில்லை.

ஜூன் 15, சனி

இரண்டாவது குஞ்சும் போனதாம். உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தைக் குழுவில் போட்டாள். மஞ்சள் முடி முளைத்துக்கொண்டிருந்த குஞ்சு, கழுத்துக்குக் கீழே தீனிப்பை ஒரு நெல்லிக்காய் அளவுக்கு உப்பி இருந்தது. படம் தெளிவாக இருந்தது.

ரெக்ஸ் பழைய கதையை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவள் பொட்டுக்கடலையும் ராகியும் அரைத்து "வீட்டு மாவு" என்று விற்றுப் பார்த்தாள், நாலு பேர்கூட வாங்கவில்லை. "இப்பம்லா புரியுது. மேடம் பவுடர் கெட்டதுன்னாதான யக்கா மாவு ஓடும்? குஞ்சையும் நீங்களே கொன்னியளா, இல்ல அதுவா செத்துச்சா?" சிரிப்புப் பொம்மைகள். வங்கி மேலாளரும் ஒன்று போட்டார்.

அவள் பதிலுக்கு ஒன்றுதான் எழுதினாள்: "சாக்கு மேடம் வீட்ல இருக்கும். நம்பர மேடம் பாத்துச் சொல்லட்டும்."

குழுவின் அமைதி கருதி, விதி மூன்றை இரண்டாம் முறை மீறியதற்காக, அவளை நீக்கினேன். மாலை 6.10. அதற்குப் பிறகு கிளிகளின் பிறந்தநாள் படங்கள் வந்தன.

ஜூன் 16, ஞாயிறு

பதினொரு மணிக்கு நேரில் வந்துவிட்டாள். பேட்டையிலிருந்து இரண்டு பஸ். கூண்டைக் காலையிலேயே படுக்கையறைக்கு மாற்றியிருந்தேன், முன்னறையில் வெயில் ஏறுகிறது.

உட்காரவில்லை. தாசில்தாரைத் தேடினாள். தூங்குகிறது என்றேன். பகலில் பதினொரு மணிக்குக் காக்டெயில் தூங்குவது அவளுக்கு விநோதமாக இருந்திருக்கும். குழுவிலிருந்து நீக்கியதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், பதில் தயாராக இருந்தது.

"மேடம், அந்தச் சாக்குல ஒரு நம்பர் இருக்கும்லா. அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் வெளிய சொல்ல மாட்டேன். மூணு நாளா பவுடர நிப்பாட்டிட்டுப் பொட்டுக்கடலை மாவு குடுக்கேன். மிச்ச ஆறுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எடை ஏற மாட்டேங்கு, ஆறும் தோலா கெடக்கு. பவுடர் சரின்னா இன்னைக்கே தொடங்கிருவேன். சரியில்லன்னா விட்டுருவேன். எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

இருங்கள், பார்த்து வருகிறேன் என்று உள்ளே போனேன். படுக்கையறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தாசில்தார் சீட்டி அடித்தது, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். யோசித்தது இதுதான்: எண் பொருந்துவதாகவே வைத்துக்கொண்டாலும் அது மரணத்தின் காரணத்தை நிரூபிக்காது. முப்பது உறை கொடுத்ததில் இரண்டு குஞ்சுதான் இறந்திருக்கின்றன, இரண்டும் ஒரே வீட்டில். அறிவிப்பு உண்மை என்பதற்கே ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாத ஒன்றுக்காக, அத்தனை பேருக்கும் என் கையால் நிறுத்துக் கொடுத்தேன் என்ற நிலைக்கு என்னை நானே ஏன் கொண்டுபோக வேண்டும்.

வெளியே வந்து, அந்த எண் இல்லை என்றேன்.

அவள் முகம் அப்படியே இளகிவிட்டது. "நீங்க பாத்துட்டீங்கல்லா, அது போதும். நான்தான் கிறுக்கு மாதிரி கூப்பாடு போட்டுட்டேன். மன்னிச்சிருங்க மேடம்."

பரவாயில்லை என்றேன்.

கிளம்பும்போது சமையலறை மேடையில் ராகிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "நீங்க பவுடர் குடுக்கலியா?" மாற்றி மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னேன். பக்கத்தில் என் உறை இருந்தது, முக்கால்வாசி. "அப்பம் இது ஒங்களுக்குச் செலவாகாதே மேடம், எனக்குக் குடுங்களேன். ஆறும் மூணு நாளா பட்டினி மாதிரி கெடக்கு." வேண்டாம் என்று சொல்ல உடனே ஒரு காரணமும் தோன்றவில்லை. எடுத்துக்கொண்டாள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 17, திங்கள்

சாக்கின் தாளைத் தூக்கிப் போட்டிருக்கலாம். நூலகத்தில் கிழிந்த புத்தகத்தைக்கூட நீக்கப் பதிவேட்டில் ஏற்றாமல் வெளியே விட மாட்டேன். இருபத்து மூன்று வருடப் பழக்கம். மேலே செய்தித்தாள் விரித்துவிட்டேன், அடியில் கிடக்கட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

சரிபார்ப்பில் பதினொரு புத்தகம் குறைகிறது. என் குஞ்சுகள் 74 கிராம், 79 கிராம். பெரியது சிறகை விரித்து அடித்துப் பார்க்கிறது.

ஜூன் 19, புதன்

விநியோகஸ்தரின் கடிதம் மின்னஞ்சலில் இருக்கிறது. விளம்பரங்கள் போகும் பெட்டிக்குள் கிடந்தது. தேதி ஜூன் 11. முத்துவடிவு படம் போட்டதற்கு முந்தைய நாள். நிறுவனத்தின் முத்திரை, மேலாளர் கையொப்பம், எல்லாம் முறையாக. நான்கு எண்கள். எங்கள் சாக்கின் எண்ணும் அதில். உடனே நிறுத்தவும், மீதியைத் திருப்பி அனுப்பவும்.

மாலையில் கடிதத்தைக் குழுவில் பகிர்ந்தேன். மூலம், தேதி, தொடர்பு எண் எல்லாவற்றோடும். "சாக்கு இப்போது என்னிடம் இல்லை என்பதால் நமது எண்ணைச் சரிபார்க்க இயலவில்லை. முன்னெச்சரிக்கையாக அனைவரும் உறைகளைத் திருப்பித் தரவும்."

நாற்பது நிமிடத்தில் இருபத்தெட்டு நன்றி. வங்கி மேலாளர், பொறுப்பான பகிர்வு என்றால் இதுதான் என்று எழுதினார். ரெக்ஸ் ஒரு மாலைப் படம் போட்டு, "இதான் மேடம். சும்மா கண்டதையும் போடாம, ஆதாரத்தோட போடுதாங்க பாருங்க" என்றார். மூன்று பேர், தங்கள் குஞ்சுகளும் சென்ற வாரம் இறந்ததாக இப்போது சொன்னார்கள். கேலிக்குப் பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

முத்துவடிவு குழுவில் இல்லை. அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுதுவதைவிடப் பேசுவது நல்லது. நாளை.

ஜூன் 20, வியாழன்

முதல்வர் அறையில் கூட்டம், ஐந்தரை வரை. களைப்பு. கையில் போனை எடுத்தேன், சார்ஜ் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

முத்துவடிவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு. திருப்பி அழைக்க வேண்டும்.

ஜூன் 22, சனி

கூண்டு முன்னறையில் இருந்தது. அவள் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

கையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே பழைய பனியன் துணிமேல் ஒரு குஞ்சு. தலையைத் தூக்கவில்லை. ஆறில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்ற ஐந்தும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில். "ஒங்க குஞ்சு ரெண்டும் நல்லாருக்குன்னு ரெக்ஸ் சொன்னாரு. போன் போட்டேன், நீங்க எடுக்கல. நீங்க எப்படி ஊட்டுதீங்கன்னு ஒருக்க காட்டுங்க மேடம், நான் எங்கேயோ தப்புப் பண்ணுதேன்."

கடிதத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. ரெக்ஸும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். கடிதத்தைப் பற்றி எந்த வார்த்தையில் தொடங்குவது என்று குடத்தருகே யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கூண்டருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாளின் முனையைத் தூக்கியிருந்தாள். பிறகு அடித்தாளின் முனையையும். ஈரம் பார்க்க.

L 419.

ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று ரெக்ஸ் கேலி செய்வார். எண் படிக்கத் தெரியும்.

நான் தம்ளரோடு நின்றேன். கடிதம் புதன்கிழமைதான் வந்தது, உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன், ஒரு எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்துவிட முடியாது என்றேன். இந்த வரிசையில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"கரைக்கு வந்த பெறகு ஆறு குஞ்சையும் நானே தண்ணிக்குள்ள தள்ளிட்டேன்" என்றாள். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. பிறகு போனை எடுத்துத் தட்டைப் படம் எடுத்தாள். சரியாக விழவில்லை என்று இரண்டாவது முறை எடுத்தாள். தாளை இருந்தபடியே ஒழுங்காக விரித்து, ஓரத்தை நீவிவிட்டு எழுந்தாள்.

"எச்சம் நல்லாருக்கு மேடம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "அத்தன பேரும் என்கிட்ட ஆதாரம் கேட்டாங்க. ஒங்க வாயால சொன்னதுக்கு நான் கேக்கல."

பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் குடிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

படத்தை அவள் ரெக்ஸுக்கு அனுப்பியிருக்கிறாள். அவரைத்தான் கேட்டிருக்கிறாள், குழுவில் போடச் சொல்லி. காலை ஒன்பது மணிக்குப் போட்டார், மேலே தன் வரியோடு: "மேடம் வீட்டுக் கூண்டுத் தட்டாம். எச்சத்துக்குள்ள போயி ஆராய்ச்சி பண்ணிருக்காவ. டாக்டர் பட்டம் குடுக்கலாமா?"

படம் மங்கல். தாளும் எச்சமும் நான்கைந்து எழுத்தும் தெரிந்தன. யார் வீட்டுத் தட்டு என்று அதில் தெரியவில்லை. அதையே எல்லாரும் கேட்டார்கள். எந்தச் சாக்குன்னு என்ன ஆதாரம்? எப்பம் எடுத்தது? கேரளாவுல யாராச்சும் அனுப்பிருப்பான். மேடம்மேல ஏன் இவ்வளவு வஞ்சம்? தன் குஞ்சைக் காப்பாத்தத் துப்பில்லாம ஊர்மேல பழி. ஒரு மணி நேரத்தில் ஐம்பது செய்தி.

வங்கி மேலாளர் மட்டும் ஒரு கேள்வி வைத்தார்: "மேடம், சாக்கு உங்களிடம் இல்லைதானே?"

பதினைந்து நிமிடம் கழித்து எழுதினேன்: "படத்தில் தேதி இல்லை, இடம் இல்லை. விதி 3 அனைவருக்கும் பொதுவானது. இத்துடன் இவ்விவாதத்தை முடித்துக்கொள்வோம்." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முப்பத்தொரு கட்டைவிரல்.

மதியம் அந்தப் படத்தை நீக்கினேன்.

ஜூன் 24, திங்கள்

சரிபார்ப்பு முடிந்தது. காணாத பதினொன்றையும் 'தொலைந்தவை' பத்தியில் ஏற்றிக் கையெழுத்திட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

குஞ்சுகள் இரண்டும் பறக்கின்றன. ஒன்றை ரெக்ஸ் கேட்டார், கொடுத்தேன்.

பேட்டை மாடிக் கூண்டுகள் கம்பிவலையோடு விலைக்குப் போவதாக அவர் சொன்னார். மகளைச் சேர்த்தாயிற்றா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மூன்றாவது சாக்கு. வேறு நிறுவனம், நல்ல சரக்கு. ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். பழக்கத்தில் 24-3-17 என்று எழுதிவிட்டேன், மை அழியவில்லை. அந்த உறையைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். யாருடைய எண் என்று அவள் கேட்கவில்லை.

ரெக்ஸ் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "மேடம், இனிமே சாக்கு நம்பர ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுருவமா? ஒரு சேஃப்டிக்கு."

தேவையில்லை, நான் குறித்து வைத்திருக்கிறேன் என்றேன். மேடம் சொன்னால் சரி என்று எல்லாரும் உறைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

குறித்து வைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு சாக்கைத் தட்டுக்கு அளவாக வெட்டினேன். எண் இருந்த மூலையை மட்டும் தனியாக வெட்டி அடுப்பில் காட்டினேன். கனமான தாள். எரிய நேரம் எடுத்தது.